பளபளப்பு வேண்டாம் என்றாள் என் மகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுப் புத்தகத்தை விரல் வைத்துப் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. அதனால் இதில் முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும், சொன்னதையே திரும்பவும் சொல்லியிருப்பேன். மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாயும் திறக்காது. என் மகளைப் பற்றிப் பெருமையாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் அவளே "அம்மா, போதும்" என்று தடுத்துவிடுவாள். காகிதத்தை அவளால் தடுக்க முடியாது.

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற தெருவில் எங்கள் கடை. என் மகள் நடத்துகிறாள். சிமெண்ட் தரையைத் தேய்க்கிற மெஷின்களை வாடகைக்கு விடுகிறோம். வாசலில் 'கிரைண்டிங் மெஷின்' என்று போர்டு வைத்த புதிதில் தூக்கில் உளுந்தை ஊறவைத்து எடுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இங்கே மாவு அரைக்கிறதில்லை என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். உள்ளே பார்த்துக் கையைக் காட்டுவேன், மகள் வந்து சொல்லுவாள்.

தரைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னாலும், மேலே பூச்சு எதுவும் போடுவதற்கு முன்னாலும் அந்தத் தரையைத் தயார் செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்த மெஷின். ஆனால் மெஷின் என்பது ஒரு மோட்டாரும் கொஞ்சம் எடையும்தான். வேலையைச் செய்வது அதற்கு அடியில் மாட்டுகிற பல். கடையில் எல்லோரும் செக்மெண்ட் என்பார்கள், நான் பல் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பழைய பெயிண்டையும் பசையையும் உரித்தெடுக்க ஒரு பல் இருக்கிறது, தேங்காய் சுரண்டுகிற மாதிரி சுரண்டிவிடும். உருளையில் நட்சத்திரச் சக்கரங்களைக் கோத்தது இன்னொன்று, அது தரையைக் கோடு கோடாகக் கொத்தும். மூன்றாவது வைரப் பல். வைரம் என்றால் காதில் போடுகிறது இல்லை. வைரப் பொடியை ஏதோ ஒரு உலோகத்தில் கலந்து, விரல் நீளத்துக்குக் கட்டியாக்கி, இரும்புத் தகட்டில் பதித்திருப்பார்கள். வாடகைக்குப் போன தகடுகள் சேறும் சிமெண்டுமாகத் திரும்பி வரும். அவற்றை ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, வகை பார்த்து டப்பாவில் போடுவது என் வேலை.

அந்த வைரப் பல்லில் ஒரு தலைகீழ் சங்கதி உண்டு. முதலில் எனக்குப் புரியவே இல்லை. கெட்டியான தரைக்கு மெதுவான பல் போட வேண்டும். பொடிப்பொடியாக உதிர்கிற மெதுவான தரைக்குக் கெட்டிப் பல். "இது என்னடி தலைகீழா இருக்கு" என்று கேட்டேன். மகள் ஒரு பென்சிலை எடுத்து வந்து காட்டினாள். "எழுதி எழுதி முனை மழுங்கினா என்ன பண்ணுவே? சீவுவே. சீவினாத்தானே புது முனை வெளிய வரும். கெட்டித் தரை வைரத்தை மழுக்கிடும்மா. சுத்தி இருக்கிற உலோகம் மெதுவா இருந்தாத்தான் அது தேய்ஞ்சு புது வைரம் தலையை நீட்டும். உலோகமும் கெட்டியா இருந்துச்சுன்னு வை, மழுங்கின வைரத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். தரையை அறுக்காது, தடவிக் குடுத்துட்டுப் போயிடும்." அதற்குப் பிறகு எனக்கு மறக்கவில்லை. நாங்கள் வாங்கின தகடுகளில் மெதுவான பல்லுக்கு மஞ்சள் பெயிண்ட், கெட்டிப் பல்லுக்குச் சிவப்பு. எழுத்து எதுவும் கிடையாது, நிறம் ஒன்றுதான் அடையாளம். எனக்கும் அது வசதியாக இருந்தது.

மெஷினை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர் பல்லைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். "ஏதாவது ஒண்ணு குடும்மா" என்பார்கள். இரண்டு நாள் கழித்து, மெஷின் சரியில்லை என்று சண்டைக்கு வருவார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் நாமே வேலை எடுத்துச் செய்வது என்று மகள் முடிவு பண்ணினாள். முதல் வேலை மேடவாக்கத்தில் கிடைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், தரைக்கு அடியில் இருக்கிற பார்க்கிங்குக்கு வண்டிகள் இறங்குகிற சரிவுப் பாதை. ரேம்ப் என்பார்கள்.

அந்த ரேம்ப்பில் அதற்கு முன்னால் ஒருவர் வழுக்காத பூச்சு என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். முதல் மழைக்கே அது அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது. மிச்சம் இருந்த இடம் ஈரத்தில் எண்ணெய் கொட்டினது போல. இரண்டாவது மாடியில் இருக்கிற ஒரு பெண் ஓ.எம்.ஆர் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மழைக்கு ஸ்கூட்டரோடு அங்கே விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அதிலிருந்து அவள் வண்டியை உள்ளே இறக்குவதே இல்லை, வெளியே ரோட்டு ஓரத்தில்தான் நிறுத்துகிறாள்.

மகள் ரேம்ப்பைப் பார்க்கப் போன அன்று அந்தப் பெண்ணும் அங்கே நின்றிருக்கிறாள். "எத்தனை பேர் வந்து பார்த்துட்டீங்க. எல்லாருமே சூப்பரா பண்ணித் தரேன்னுதான் சொல்றீங்க" என்றாளாம்.

"சூப்பர் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இந்த மழைக்கு நீங்க வண்டிய உள்ள இறக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என் மகள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது இதை என்னிடம் சொன்னாள். தட்டில் கை அப்படியே நின்றது. "சொல்லிட்டேன்மா. கொஞ்சம் அதிகமா சொல்லிட்டேனா?"

"சொன்னா செஞ்சிடு" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு.

தரை எவ்வளவு கெட்டி என்று கீறிப் பார்க்க அவளிடம் பேனா மாதிரி ஊசிகள் இருக்கின்றன. அந்த ஊசிகளால் அவள் ரேம்ப்பைக் கீறிப் பார்த்திருந்தாள். கட்டினவர்கள் நன்றாக இழைத்து இழைத்துக் கல்லாக்கி விட்டிருக்கிறார்கள், அதனால்தான் போன பூச்சு வேர் பிடிக்கவில்லை என்றாள். நட்சத்திர உருளையைப் போட்டுக் கொத்திவிடலாமா என்று முதலில் யோசித்தாள். கோடு ஆழமாக விழுந்துவிடும், சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கு உதறும், பூச்சும் இரண்டு பங்கு குடிக்கும் என்று அதை விட்டுவிட்டாள். முதலில் சுரண்டுகிற பல்லால் பழைய பூச்சை எடுப்பது, பிறகு மெதுவான வைரப் பல்லால், அதாவது மஞ்சளால், தரையின் வாயைத் திறந்துவிடுவது என்று தீர்மானித்தாள். எனக்குச் சொன்னால் புரியும் என்று நினைத்து என்னிடம் இதையெல்லாம் சொல்லுவாள் பாருங்கள், அதுவே எனக்கு ஒரு பெருமை.

இதற்கு நடுவில் எனக்குக் கண் ஆபரேஷன் வந்தது. புரை. வலது கண்ணுக்கு மட்டும் முதலில் செய்தார்கள். தூசி ஆகாது, கடைப் பக்கம் போகவே கூடாது, வேளா வேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் ஆயுத பூஜை வந்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பண்டிகை இல்லை. ஆனால் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய நாள். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் மகள்தான் வாங்கிக் கொடுப்பாள். எங்கள் ஆபரேட்டர் கடை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர், நாற்பது வயதுக்கு மேல். மெஷினைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். எந்தப் பட்டறையிலும் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவி, புதுப் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து அழகு பார்ப்பது வழக்கம்தானே. அவரும் செய்தார். அந்த வருஷம் ஒரு படி மேலே போய்விட்டார்.

வேலை நடக்கிற அன்று காலையில் மகள் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். சொட்டு மருந்து விட வீட்டில் வேறு ஆள் இல்லை. மேடவாக்கத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் நாற்காலியைப் போட்டு, தூசி வராத பக்கமாக என்னை உட்கார வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஆபரேட்டர் சிரித்தார்.

"இன்னாமா, சி.பி.ஐ ஆபீசர் கணக்கா குந்திகினு கீறே? எங்க வேலைய செக் பண்ண வந்தியா?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சுரண்டுகிற வேலை நன்றாக நடந்தது. பழைய பூச்சு சுருள் சுருளாக வந்துவிட்டது. அடுத்து வைரப் பல்லை மாட்டினார்கள். மெஷின் ஓடுகிற சத்தம் மேலே எனக்குக் கேட்டது. மெதுவான பல் கெட்டித் தரையைக் கடிக்கும்போது கரகரவென்று, வறுத்த அரிசியை மெல்லுகிற மாதிரி கேட்கும். இன்றைக்கு அப்படி இல்லை. வழுவழுவென்று ரீங்காரம் மட்டும் வந்தது. எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் மகள் அந்த நேரம் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசும்போது நடுவில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை.

செயலாளர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடி. அவரே முதலில் ரேம்ப்புக்குள் இறங்கிப் பார்த்தார். "ஆஹா!" என்று ஒரு சத்தம். "மேடம், பிரமாதம்! கிரானைட் மாதிரி பளபளன்னு வந்திருக்கே! முகம் தெரியுது!"

அவர் பின்னாலேயே இறங்கின என் மகளின் முகம் எனக்குத் தெரிந்தது. மருந்து விட்ட கண்ணானாலும் புதுக் கண். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

குனிந்து கையால் தடவினாள். கையில் சிமெண்ட் மாவே ஒட்டவில்லை. கையிலிருந்த பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டாள். தண்ணீர் தாமரை இலையில் விட்டது மாதிரி முத்து முத்தாக உருண்டு இறங்கியது.

"அண்ணா, மெஷினை நிறுத்துங்க" என்றாள். "தகட்டைக் கழட்டுங்க. என்ன கலர் போட்டீங்க?"

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "கலரா... மேடம், டப்பால மேல இருந்தத எடுத்து மாட்டினேன்."

கழற்றிக் காட்டினார். தகட்டின் முதுகு வெள்ளி மாதிரி மின்னியது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. வேனில் இருந்த பையை அவிழ்த்தால் எல்லாத் தகடும் அதே வெள்ளி, அதே பொட்டு. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

பிறகு ஆபரேட்டர் என் பக்கம் பார்த்தார். "அம்மா கண்ணு ஆபரேசன் பண்ணிகினு வருதே, வந்து பாத்தா எல்லாம் பளிச்சுனு இருக்கட்டும்னு சில்வர் பெயிண்ட் அடிச்சேன் மேடம். மெஷினுக்கு அடிச்சது மீந்துச்சு... காய வெச்சு எடுத்தப்போ எல்லாம் கலந்துபூடுச்சு... பேஜாராப் பூடுச்சே!" எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். என் கண்ணுக்காகத்தான் அடித்திருக்கிறார்.

அவரை என் மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பூஜைக்கு எல்லாரும் அடிக்கிறதுதான் அண்ணா. மாட்டுறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும்" என்றாள்.

செயலாளருக்கு எதுவும் விளங்கவில்லை. "என்ன மேடம், நல்லாத்தானே இருக்கு? எதுக்கு நிறுத்தினீங்க? மேல பூச்சு போட்டு முடிச்சிடுங்களேன்."

இந்த இடத்தைத்தான் நான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவரே நன்றாக இருக்கிறது என்கிறார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டுப் பூச்சைப் போட்டிருந்தால் அன்றைக்கு ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. மழை வந்த பிறகுதான் தெரியும். மழை வந்த பிறகு யாராவது விழுந்துதான் தெரியும். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொல்லிவிடக் கூடாது என்றா, அவள் வேலை கெட்டுவிடக் கூடாது என்றா, எதற்கு ஜெபித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சார், இந்தப் பளபளப்பு வேண்டாம்" என்றாள் என் மகள். "இது எங்க தப்பு. பல் மாறிப் போச்சு. இதுமேல எதைப் போட்டாலும் போன தடவை மாதிரியே எழும்பிடும். எனக்கு இன்னும் ஒரு நாள் வேணும். அதுக்குத் தனியா எதுவும் கேக்க மாட்டேன்."

"ஒரு நாளா! ஏம்மா, காரெல்லாம் ரோட்டுல நிக்குது. தண்ணி லாரி உள்ள வர முடியலைன்னு காலையிலேர்ந்து எனக்குப் போன் மேல போன். மேல பாருங்க, வானம் எப்படி இருக்குன்னு." அவர் சத்தம் போட்டதும் இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஒருவர், "லேடீஸ்கிட்ட குடுக்கும்போதே நெனச்சேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "தரை வாயை மூடிக்கிட்டு இருக்கு சார். அது வாயைத் திறந்தாத்தான் பூச்சு உள்ள எறங்கும்" என்றாள்.

செயலாளர் அந்தப் பளபளப்பைத் திரும்பவும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தால் தேய்த்துப் பார்த்தார். "அம்மி கொத்துறது மாதிரின்னு சொல்றீங்க" என்றார். "அம்மி தேஞ்சு வழவழன்னு ஆயிட்டா எங்க வீட்ல துவையல் அரைபடாது, கொத்தித்தான் ஆகணும்பாங்க. அதானே?"

"அதேதான் சார்!"

"அப்போ கொத்தித் தொலைங்க" என்றார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். மழை வந்துச்சுன்னா என்னைச் சொல்லாதீங்க." கூடியிருந்தவர்களைப் பார்த்து, "தப்புன்னு அவங்களே சொல்றாங்க இல்ல? போன ஆளு சொன்னானா? போங்க, போய் வேலையப் பாருங்க" என்றும் சொன்னார். நல்ல மனுஷன்.

இனி வெள்ளிக்கு அடியில் எது மஞ்சள், எது சிவப்பு என்று பிரிக்க வேண்டும். கரைக்கிற தின்னரை ஊற்றினால் வெள்ளியோடு அடியில் இருக்கிற நிறமும் சேர்ந்து போய்விடும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேல் நிறம் மட்டும் போகும் என்றாள் மகள். ஆபரேட்டர் கடைக்கு ஓடிப்போய் உப்புத்தாள் வாங்கி வந்தார். நானும் நாற்காலியை இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனேன்.

"அம்மா, நீ கை வைக்காத. கண்ணு!"

"ஆபரேஷன் கண்ணுலதான் பண்ணாங்க, கைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "ஈரத்துல தூசி எங்க பறக்குது?"

ஆபரேட்டர், "பாத்தியா மேடம், ஆபீசர் அம்மா பேசுது!" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

லாரித் தண்ணீர், வீணாக்கக் கூடாது என்று ஒரு மக்கில் பிடித்து வைத்துத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தோம். முதலில் குங்குமம் கரைந்தது. பிறகு வெள்ளி சாம்பலாகி வழிந்தது. ஓரத்தில் ஒரு கீற்று மஞ்சள் எட்டிப் பார்த்தது.

கறுப்புக் கண்ணாடியை ஒரு நிமிஷம் தூக்கினேன். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இத்தனை நாளும் நான் அந்த மஞ்சளைப் பார்த்ததே இல்லை. புரை விழுந்த கண்ணுக்கு அது அழுக்கு வேட்டி நிறம். சிவப்பு இல்லாதது மஞ்சள் என்றுதான் டப்பாவில் போட்டிருக்கிறேன். இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன், பழைய அழுக்கு நிறம். அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால் செவ்வந்திப் பூ. இத்தனை மஞ்சளாகவா இருந்தது இது! யாரிடமும் சொல்லவில்லை. அவசரத்தில் இருக்கிறவர்களிடம் போய் இதைச் சொல்லுவதா என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.

முக்கால்வாசித் தகடுகள் இப்படித் தெரிந்துவிட்டன. சிவப்பை ஒரு பக்கம் வைத்தோம், மஞ்சளை ஒரு பக்கம். சில தகடுகளில் வாடகைக்குப் போய் வந்தே நிறம் உதிர்ந்திருந்தது போல. வெள்ளிக்கு அடியில் வெறும் இரும்புதான். அவையும் இருந்தால்தான் மெஷின் முழுவதும் மாட்ட முடியும். ஒன்று மாறினாலும் அந்த ஒன்று போகிற இடமெல்லாம் வளையம் வளையமாகத் தரை கெட்டுவிடும்.

"கையில பார்த்தா தெரியாது. தரையே சொல்லட்டும்" என்றாள் மகள்.

ரேம்ப்பின் அடியில், சுவர் ஓரத்தில் வண்டி ஏறாத ஒரு மூலை இருந்தது. அங்கே சின்னக் கை மெஷினில் ஒவ்வொரு தகடாக மாட்டி ஓட்டினாள். வாயில் துணி கட்டிக்கொண்டு அவளேதான் ஓட்டினாள். நான் மேலே கேட் பக்கமாகவே இருந்தேன். சத்தம் மட்டும் வந்தது. ரீங்காரம் வந்தால், "சிவப்பு" என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். கீழேயிருந்து ஆபரேட்டர், "இது சிவப்பு மேடம்" என்று கத்துவார். கரகர வந்தால் நான் மஞ்சள் என்பேன். அங்கே அவள் ஓட்டின இடத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, "குடிக்குது, இது மஞ்சள்" என்பாள். ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தப்பியது. அதைச் சிவப்பு என்று நினைத்தேன், மஞ்சளாக இருந்தது. வைரம் முழுக்க மூடிக்கொண்டு கிடந்ததாம். ஒரு செங்கல்லில் தேய்த்ததும் கடிக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் மஞ்சளை மாட்டி மெஷினை இறக்கினார்கள். வறுத்த அரிசி மெல்லுகிற அந்தச் சத்தம் வந்ததும் எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. மத்தியானத்துக்குள் ரேம்ப் முழுக்கச் சாம்பல் நிறமாக, பவுடர் போட்ட முகம் மாதிரி மங்கிப்போயிற்று. மகள் பாட்டிலைச் சாய்த்தாள். தண்ணீர் உருளவில்லை. விழுந்த இடத்திலேயே கறுத்து உள்ளே போய்விட்டது. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "அசிங்கமா இருக்கு. ஆனா நல்லா இருக்கு" என்றார். ஆபரேட்டர், "சார், எங்க அம்மா வூட்டு அம்மியும் இப்டித்தான் கீது" என்றார். செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஈரம் காய்ந்த பிறகு பூச்சு போட்டு, மேலே மணல் தூவி, திரும்பவும் ஒரு பூச்சு போட்டு மூடினார்கள். வானம் இறங்கி வந்து பயமுறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் பூச்சு இறுகுகிற வரைக்கும் ஆண்டவர் பொறுத்துக்கொண்டார்.

பிறகு மழை வந்தது. தாம்பரத்தில் சப்வேயில் தண்ணீர் நிற்கிற அளவுக்கு வந்தது. கொட்டின மறுநாள் காலை மகள், "அம்மா, வரியா? பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள். அவளுக்குத் தனியாகப் போகப் பயம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றோம். இன்னும் தூறிக்கொண்டிருந்தது. ரேம்ப்பில் தண்ணீர் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பூச்சு எங்கேயும் எழும்பவில்லை.

நான் செருப்பை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் இறங்கினேன். அத்தனை பேர் வந்து போகிற இடத்தில், கிழவி இவள் எங்கே போகிறாள் என்று பார்ப்பார்களே என்று தோன்றவே இல்லை. உள்ளங்காலில் மணல் பிடித்தது. பூனை நாக்கு மாதிரி. பாதியில் நின்று திரும்பிப் பார்த்தேன். மகள் மேலே நின்று, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது என்னையா, அவள் போட்ட தரையையா, தெரியாது.

அப்போதுதான் அடியில் விளக்கு தெரிந்தது. ஒரு ஸ்கூட்டர் ஏறி வந்தது. மஞ்சள் மழைக்கோட்டு. நான் ஓரமாக ஒதுங்கினேன், மகளும் குடையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த இரண்டாவது மாடிப் பெண். நான் அவளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை, மகள் என் தோளைப் பிடித்து அழுத்தினதில் தெரிந்துகொண்டேன். வண்டி ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவள் எங்களைப் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட முகம். கேட்டைத் தாண்டி, ஹாரன் அடித்துக்கொண்டு, ரோட்டு நெரிசலில் கலந்துவிட்டாள்.

"ஒரு தேங்க்ஸ் கூட சொல்லல பாரு" என்றேன்.

"அவங்களுக்கு ஞாபகமே இல்லைம்மா, இது வழுக்கின இடம்னு. அதான் வேணும்" என்றாள் என் மகள். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள், அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வேறு குடியிருப்புகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஊரப்பாக்கத்தில் ஒன்று, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒன்று. ஆயுத பூஜைக்கு இப்போதும் பெயிண்ட் அடிக்கிறோம். மெஷினுக்கு வெள்ளி, தகட்டுக்கு அதன் அதன் நிறம். மஞ்சள் டப்பாவை ஆபரேட்டர் என் கையில்தான் கொடுப்பார். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது.

எழுதினதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். மெதுவான பல்லுக்கு மஞ்சள், கெட்டிப் பல்லுக்குச் சிவப்பு என்று எழுதியிருப்பது எங்கள் கடைத் தகட்டுக்கு. வேறு கம்பெனித் தகட்டில் நிறம் மாறி இருக்கும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். கெட்டித் தரைக்கு எந்தப் பல், மெதுவான தரைக்கு எந்தப் பல் என்று நான் ஓர் இடத்தில் இல்லாவிட்டால் ஓர் இடத்தில் மாற்றி எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன். மகளிடம் காட்டினால் அவளைப் பற்றி எழுதின பக்கத்தை எல்லாம் கிழித்துவிடுவாள். ஆகவே இந்த வேலை தெரிந்தவர் யாராவது இதைப் பார்த்தால், பல்லைப் பற்றி எழுதினதை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். என் எழுத்தை நம்பி யாரும் சிவப்பை மாட்டிவிடக் கூடாது.